துட்டிக்கு வராதவன் குட்மார்னிங் எதுக்குவே?

வாரும்வே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். போனைக் கீழ வைக்க வேண்டாம், கையிலயே இருக்கட்டும். அது இல்லாட்டா உமக்கு எந்தக் கையில சாப்பிடணும்னே மறந்துபோவும். உம்ம அத்தை காப்பி போடுதா. அதுவரைக்கும் நான் பேசுதேன், நீரு போனைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டும். வீட்ல எல்லாருகிட்டயும் அதைத்தான செய்யுதீரு.

நாப்பத்தெட்டு வயசுல உமக்கு வந்திருக்க பொறுப்பைப் பாத்து எனக்குப் பெருமை தாங்கல. கண்ணு முழிக்கதுக்கு முன்னாலயே கை தலைமாட்டுல தடவுது. சாளேசரம் வந்துட்டு, கிட்டத்து எழுத்து தெரியல. அதுக்காக விட்ருவீரா? கையை ஒரு முழத்துக்கு நீட்டி, தலையைப் பின்னால சாச்சு, ஒத்தக் கண்ணைச் சுருக்கிப் படிக்கீரு. முந்தி இந்த வயசுல ஆம்பிளை அப்படி நீட்டிப் பிடிச்சுப் படிச்சது கிரயப் பத்திரத்தையும் பஞ்சாங்கத்தையும்தான். நீரு படிக்கது, எவனோ ரோசாப்பூ மேல எழுதுன ‘இனிய காலை வணக்கம்’. உடனே ரெண்டு கையும் கூப்புன பொம்மை ஒண்ணை அவனுக்கு அனுப்புதீரு. பக்கத்துல படுத்திருக்கவளுக்கு ஒரு வணக்கம் உண்டா? அவ அந்தக் குரூப்புல இல்ல, பாவம்.

இதுல நீரு தனி ஆளும் இல்ல. 2017 டிசம்பர்ல கூகுள்காரன் போன்ல இடத்தைக் காலி பண்ணுததுக்குன்னு ஒரு செயலி விட்டான். ரோசாப்பூ, குத்துவிளக்கு, சூரியன் எழும்புதது, பச்சைக் குழந்தை சிரிக்கதுன்னு நம்ம ஆளுவ அனுப்புத குட்மார்னிங் படத்தையெல்லாம் தேடிப் பிடிச்சு அள்ளுத வேலையும் அதுக்கு உண்டு. வெளக்குமாறு செய்யுத அளவுக்கு நாம குப்பை போட்டிருக்கோம். ஊருக்கு இதுவும் ஒரு பேருதான்.

உம்ம போன்ல என்னென்ன குரூப்பு இருக்குன்னு நேத்து உம்ம மவன் வாசிச்சுக் காட்டுனான். ஆபீசுக்கு ஒண்ணு. அதே ஆபீசுல மேனேஜரைச் சேக்காம ஒண்ணு. 93 செட் பத்தாப்புக்கு ஒண்ணு. அதுல கட்சிச் சண்டை போட்டுப் பிரிஞ்சு வந்தவிய வச்சிருக்கது ஒண்ணு. அப்பார்ட்மெண்ட் ஒண்ணு, சொந்தக்காரவிய ஒண்ணு, கோயில் கொடைக்கு ஒண்ணு, காலையில நடக்கதுக்கு ஒண்ணு. நடக்கதுக்கு எதுக்குடே குரூப்புன்னு கேட்டேன். “யாரும் நடக்கல தாத்தா, நடந்தா என்ன நல்லதுன்னு பேசிக்கிட்டு இருக்காவ”ன்னான். ஒரு குரூப்புல 1024 பேரைச் சேக்கலாம்னு 2022லேருந்து வச்சிருக்கானாம். நம்ம ஊர்ல மொத்தத் தலைக்கட்டே அம்புட்டு இல்லவே. கிராமத்துல நாலு பேரு கண்ணுக்குப் பயந்து வாழ வேண்டியிருக்குன்னு சொல்லிட்டுத்தான நீரு மெட்ராசுக்குப் போனீரு? இப்பம் ஆயிரம் பேரைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு அலையுதீரு.

அடுத்தது உம்ம படம். போன பங்குனியில கழுகுமலைக்குப் போனீரு. வெட்டுவான் கோயில், பாண்டியன் காலத்துல, ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முந்தி, ஒரே பாறையை மேலேருந்து கீழ வெட்டிக்கிட்டே வந்து செஞ்சது. கீழ்ப்பாகம் முடியாமலே நின்னுபோச்சு. ஏன் நின்னுதுன்னு கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சாலே ஒரு மனுசனுக்குப் புத்தி வரும். நீரு என்ன செஞ்சீரு? அதுக்கு முதுகைக் காட்டி நின்னு, வயித்தை உள்ள இழுத்துக்கிட்டுப் படம் எடுத்தீரு. அப்புறம் மலையை விட்டு இறங்குத வரைக்கும் எத்தன பேரு கட்டைவிரலைத் தூக்குனாவன்னுதான் பாத்துக்கிட்டு வந்தீரு. அந்தச் சிற்பிக்கு எவன் லைக் போட்டான்? 2009லதான் ஃபேஸ்புக்குலயே அந்தப் பொத்தானை வச்சானாம். நல்லவேளை, பாண்டியன் முந்திக்கிட்டான்.

சிரிக்காதீரும், இனிமேத்தான் கணக்கு. உம்ம போனுக்குள்ள செட்டிங்ஸ்ல ‘டிஜிட்டல் வெல்பீயிங்’னு ஒரு மூலை இருக்கு. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் பாத்தீரு, எத்தன தடவை திறந்தீரு, எல்லாம் அதுல இருக்கு. குடிக்கவனுக்குக் கடைக்காரனே கணக்கு எழுதித் தாரது இந்த ஒரு யாவாரத்துலதான். உமக்கு மூணு மணி நேரம்னு காட்டுது. வருசத்துக்கு 1,095 மணி. 24ஆல வகுத்தா 45 நாளும் சொச்சமும். ராவும் பகலும் சேத்து ஒன்றரை மாசம்! நீரு 78 வயசு வரைக்கும் நல்லா இருப்பீரு, இருக்கணும். அந்த முப்பது வருசத்துல மூணே முக்கால் வருசம் இதுக்குள்ளயே போயிருது. அம்புட்டு நாள்ல ஒரு பய காலேசுல சேந்து, டிகிரி முடிச்சு, வேலையிலயும் ஏறிருவான். நீரு முடிச்சு எந்திரிக்கும்போது எவளோ ஒருத்தி பூண்டு உரிக்கதுக்கு எளிய வழி சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நீரு ஆயுசுல ஒரு பூண்டு உரிச்சதில்ல.

உம்மை மட்டும் ஏசி என்ன செய்ய? ஆளை உக்கார வைக்கதுக்குன்னு படிச்சவன் உக்காந்து செஞ்ச சங்கதி இது. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்க எம் பெரிய பேரன் சொல்லுதான். முந்தியெல்லாம் ஒரு பக்கம் முடிஞ்சா ‘அடுத்த பக்கம்’னு ஒரு பொத்தானை அமுக்கணும். அந்த எடத்துல மனுசனுக்கு, போதும் எந்திரிப்போம்னு ஒரு நெனப்பு வரும். 2006ல அசா ராஸ்கின்னு ஒருத்தர், பக்கமே முடியாம கீழ கீழ வந்துக்கிட்டே இருக்க மாதிரி ஒண்ணைச் செஞ்சாரு. பின்னால, ஏன்டா செஞ்சோம்னு ஊரறிய வருத்தப்பட்டாரு. தினத்தந்தியில கடைசிப் பக்கம் உண்டு. பழைய சினிமாவுல வணக்கம் போடுவான். கூத்து விடிஞ்சா முடிஞ்சிரும். உம்ம கையில இருக்கதுக்கு மட்டும் முடிவே கிடையாது. அதை முடிக்க வேண்டியது நீருதான். உமக்கோ அடுத்தது என்னன்னு பாக்கணும்.

அந்த ‘அடுத்தது என்ன’ இருக்கே, அதையும் ஒரு வாத்தியார் ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காரு. ஸ்கின்னர்னு அமெரிக்காக்காரரு. ஒரு பெட்டிக்குள்ள புறாவை விட்டு, பொத்தானைக் கொத்துனா தீனி விழுத மாதிரி வச்சாரு. கொத்துத ஒவ்வொரு தடவையும் தீனி விழுந்துதுன்னா புறா பசிச்சாக் கொத்தும், இல்லாட்டா சும்மா இருக்கும். எப்பம் விழும்னு தெரியாம, ஒருக்கா விழுந்து, பத்துத் தடவை விழாம, திரும்ப ரெண்டு தடவை விழுந்துச்சுன்னா, புறா ஓயாமக் கொத்திக்கிட்டே கெடக்கும். நீரு விரலை வச்சு மேலேருந்து கீழ இழுத்து விட்டுட்டுப் புதுசா ஏதும் வந்திருக்கான்னு பாக்கீருல்ல? புறாவுக்காவது சோளம் கெடைச்சுது. உமக்குக் கெடைக்கது உம்ம மச்சினன் துபாய்ல பிரியாணி திங்க படம்.

இதுல வருமானம் யாருக்குன்னு பாரும். ஃபேஸ்புக்கு, இன்ஸ்டாகிராமு, வாட்ஸப்பு மூணும் இப்பம் ஒரே கம்பெனி. அதுக்கு வருமானம் ஏறத்தாழ முழுசும் விளம்பரத்துலேருந்து. உம்ம கண்ணு எம்புட்டு நேரம் அங்கன நிக்கோ அம்புட்டுக் காசு. கமலை மாடு மாதிரி முன்னயும் பின்னயும் நடந்து தண்ணி இறைக்கது நீரு, வெள்ளம் பாயுதது எவன் தோட்டத்துக்கோ. மாட்டுக்குச் சாயங்காலம் அவுத்து விட்டுப் பருத்திக்கொட்டை வைப்போம்வே. உமக்கு அதுவும் கெடையாது.

பள்ளிக்கூடத்துல குறள் படிச்சீருல்ல? வரிசையா நாலு அதிகாரம் ஞாபகப்படுத்துதேன். 17 அழுக்காறாமை. 18 வெஃகாமை. 19 புறங்கூறாமை. 20 பயனில சொல்லாமை. அடுத்தவனைப் பாத்துப் பொறாமைப்படாதே, அவன் பொருளுக்கு ஆசைப்படாதே, அவன் இல்லாத எடத்துல பேசாதே, ஒண்ணுக்கும் ஆகாததைப் பேசாதே. வள்ளுவர் இந்த நாலையும் ஏன் அடுத்தடுத்து வச்சாருன்னு எனக்கு ரொம்ப நாளா விளங்காம இருந்துச்சு. உம்ம போனைப் பாத்த பொறவு விளங்கிட்டு. கூடப் படிச்சவன் கிரகப்பிரவேசப் படம் போட்டா வயிறு எரியுது. அந்தப் படத்துல கெடக்க சோபாவுக்கு விளம்பரம் வந்தா விரல் அங்கன போகுது. மேனேஜர் இல்லாத குரூப்புல மேனேஜர் உருளுதாரு. மிச்ச நேரத்துக்கு அரசியல். நாலு அதிகாரத்தையும் நீரு ஒரே பஸ் பிரயாணத்துல முடிக்கீரு. ஒண்ணு மட்டும் யோசியும்: அந்தக் கிரகப்பிரவேசப் படத்துல பேங்குக்காரன் எங்கயாவது நிக்கானா? மாசத் தவணையை எவன்வே படம் எடுத்துப் போடுதான்? நாப்பத்தெட்டு வயசுல எல்லாவனுக்கும் முட்டி வலிக்கு, சுகர் இருக்கு, பிள்ளை பீசு கட்டணும். படத்துல மட்டும்தான் ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல.

நான் முப்பது வருசம் இந்தக் கரிசக்காட்டுல சைக்கிள்ல தபால் கொண்டுபோனவன். எனக்குச் சேதி பிடிக்காதுன்னு நெனச்சிராதீரும். சேதிதான் எனக்குச் சோறு. ஆனா அப்பம் சேதிக்கு ஒரு எடை இருந்துச்சு. கல்யாணக் காயிதம்னா நாலு மூலையிலயும் மஞ்சள். கருமாதிக் காயிதம்னா மூலையில கறுப்பு, படிச்ச உடனே கிழிச்சிருவாவ, வீட்டுக்குள்ள வைக்க மாட்டாவ. தந்தின்னா வாசலுக்கு நான் போகும்போதே அழுகை ஆரம்பிச்சிரும். வார்த்தைக்கு இவ்வளவுன்னு துட்டு, அதனால ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்து அனுப்புனான். வாழ்த்துத் தந்திக்கு வாசகமே எழுத வேண்டாம், நம்பரைக் குறிச்சாப் போதும். தீவாளிக்கு ஒரு நம்பர், கல்யாணத்துக்கு ஒரு நம்பர். நீரு இப்பம் அனுப்புத பொம்மைக்கெல்லாம் அதுதான் பாட்டன். 2013 ஜூலையில தந்தியை மூடுனாவ. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து நெட்டை ஓசியாக் குடுத்தான். ஓசின்ன உடனே நிறுக்கத் தராசைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டீரு. வந்ததை வாசிக்காமலே தள்ளி விடுதீரு.

தள்ளி விடுதது விளையாட்டுக் காரியமும் இல்ல, கேட்டுக்கிடும். 2018 மே மாசம் போளூர் பக்கத்துல குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயசான பொம்பளை, வழியில பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுத்தா. பிள்ளை பிடிக்கவிய அலையுதாவன்னு வாட்ஸப்புல சுத்துன புரளியை ஊரே நம்பி இருந்த நேரம். அடிச்சே கொன்னுட்டாவ. சாமி கும்பிட வந்தவ. அந்த வருசம் இந்தியாவுல இன்னும் பல எடத்துல இப்படி நடந்த பொறவுதான், ஜூலையில, ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு கம்பெனி கட்டுப்பாடு வச்சான். அந்தப் புரளியை அனுப்புனவன் எல்லாரும் ரவுடியா? உம்மை மாதிரி, ‘எதுக்கும் இருக்கட்டும், நல்லதுக்குத்தான’ன்னு தள்ளி விட்ட குடும்பஸ்தன்தான்.

சரி, காப்பியைக் குடியும். ஆறிருச்சா? பாதகமில்ல, நீரு சூடாக் குடிச்சு வருசக்கணக்காச்சு.

இப்பம் வைத்தியம் சொல்லுதேன். போனை விக்க வேண்டாம், கெணத்துல போடவும் வேண்டாம். மஸ்கட்ல இருக்க உம்ம தங்கச்சி முகத்தை அவ அம்மைக்கு அதுதான் காட்டுது. கொடை வரி கணக்கு அதுல நேர்மையா இருக்கு. கரண்டு பில்லுக்கு வெயில்ல வரிசையில நிக்க வேண்டியதில்ல. அதெல்லாம் நல்ல வேலை. அதை ஏசுனா நான் அறிவுகெட்டவன்.

போன மாசம் உம்மகூடப் படிச்ச ஒருத்தன் திடீர்னு போய்ச் சேந்தானே, அதைச் சொல்லுதேன். 93 செட்டுல அம்புட்டுப் பேரும் அழுத பொம்மை போட்டாவ. கண்ணீர் அஞ்சலி, ஆழ்ந்த இரங்கல், எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. பத்து நிமிசத்துல ஒருத்தன் பொறந்தநாள் கேக்குப் படம் போட்டான். அழுத அதே விரல் அதுக்குக் கை தட்டுச்சு. வீட்டு முத்தத்துல வந்து உக்காந்து, அவன் அம்மை கையைப் பிடிச்சுத் துட்டி கேட்டது நாலு பேரு. அதுல ஒருத்தன் குரூப்புலயே கிடையாது.

அந்த முத்தத்துல வச்சுத்தான் எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டுது. அதுதான் மொத வைத்தியம். போனைத் திறந்து பேரு பேராப் பாரும். இவன் வீட்ல ஒரு சாவுன்னா நான் லீவு போட்டுத் துட்டிக்குப் போவேனா? எனக்கு ஒண்ணுன்னா இவன் பஸ் ஏறி வருவானா? ரெண்டுல ஒண்ணுக்காவது ஆமான்னா வச்சுக்கிடும். அவன் குட்மார்னிங் அனுப்புனாலும் படியும், கட்சி பேசுனாலும் பொறுத்துக்கிடும். ரெண்டுக்கும் இல்லைன்னா, அவன் யாருவே உமக்கு? அவன் மத்தியானம் என்ன தின்னான்னு நீரு எதுக்குத் தெரிஞ்சுக்கிடணும்? சினிமாக்காரனுக்கும் அரசியல்வாதிக்கும் இதே கணக்குதான். உமக்காக ஒருத்தனும் பஸ் ஏற மாட்டான்.

அடுத்தது, தபால் நேரம் வையும். நம்ம ஊருக்குப் பை ஒரு நாளைக்கு ஒருக்காதான் வந்துச்சு. பையை அவுத்து, முத்திரை குத்தி, பட்டுவாடா முடிச்சா அன்னைக்குச் சேதி முடிஞ்சுது. அதனால ஊர்ல எவனும் மூச்சு முட்டிச் சாகல. நீரு மத்தியானம் ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பையை அவுத்துக்கிடும். அவசரம்னா கூப்பிடுவான். அழைப்புக்கு மட்டும் மணி அடிக்கட்டும், மிச்ச டிங் டிங்கையெல்லாம் வாயைக் கட்டும். ராத்திரி போன் அடுப்பங்கரையில படுக்கட்டும். எழுப்புததுக்கு அலாரம்னு சாக்குச் சொல்லாதீரும், கோயில்பட்டி பஜார்ல கடிகாரம் விக்கான்.

மூணாவது, இதை ஊருக்குச் சொல்லாதீரும். உம்ம சேக்காளி ஒருத்தன், ‘சமூக ஊடகத்தை விட்டு விலகுகிறேன், என்னைத் தேடாதீர்கள்’னு பதிவு போட்டான். எவன் தேடுதான்னு பாக்க விடிய விடிய முழிச்சுக் கெடந்தான். போறவன் சத்தம் இல்லாமப் போவான். வாசல்ல நின்னு போறேன் போறேன்னு சொல்லுதவன் சாப்பாட்டுக்கு நிக்கான்.

நாலாவது, இதுதான் கஷ்டம். மிச்சமாகுத நேரத்துக்கு முன்கூட்டியே ஆள் வையும். சும்மா விட்டீருன்னா அது டிவிக்குப் போகும், இல்லாட்டா சுத்திச் சுத்தித் திரும்ப அந்தச் சவத்துக்கே வரும். பன்னெண்டு வயசுல நீரு வாலிபால்ல அடிச்ச அடிக்குப் பக்கத்து ஊர்க்காரன் பயந்தான். முட்டி இனி தாங்காது, ஆனா உம்ம தெருப் பயலுவளுக்குச் சொல்லிக் குடுக்க வாய் தாங்கும்லா? நல்லாப் படம் வரைவீரு, கை மறந்திருக்காது. பொண்டாட்டிகூட ராத்திரி சாப்பிட்டுத் தெருமுக்கு வரைக்கும் நடந்துட்டு வாரும், குரூப்பு இல்லாம. மவன் எந்நேரமும் போன்ல கெடக்கான்னு ஏசுதீரு. அந்தப் பய வித்தையைப் பள்ளிக்கூடத்துலயா படிச்சான்? உம்ம மடியில உக்காந்து படிச்சது அது. நீரு வச்சா அவனும் ஒரு நாள் வைப்பான். வைக்காட்டாலும் அவனை ஏசுததுக்கு உமக்கு ஒரு யோக்கியதை வரும்.

கடைசியா ஒண்ணு. எந் தங்கச்சி, உம்மைப் பெத்தவ, மேலத்தெருவுல ஒத்தையில இருக்கா. ஞாயித்துக்கிழமை நீரு கூப்பிடுவீருன்னு சனிக்கிழமையே சார்ஜ் போட்டு வச்சிருவா. நீரு கூப்பிடுதீரு, நான் மறுக்கல. ஆனா பேசிக்கிட்டே இன்னொரு பக்கம் எதையோ பாக்கீரு, ‘ம்’ ஒரு மூச்சு தாமதமா வருது. அவளுக்குக் காது மந்தம்னு நெனைக்கீரு. அந்தத் தாமதம் அவளுக்கு நல்லாவே கேக்கு. எங்கிட்டச் சொல்லி வருத்தப்பட்டா, உம்மகிட்டச் சொல்ல மாட்டா.

அம்பது கிட்டத்துல வந்தாச்சு மருமவனே. இனிமே கண்ணுக்கு வந்ததையெல்லாம் பாத்துத் தீக்கதுக்கு ஆயுசு காணாது, பாக்க வேண்டியவியளப் பாக்கத்தான் காணும். எந்திரியும். போனை இந்தத் திண்ணையிலயே வச்சிட்டு மேலத்தெருவுக்குப் போயி, உங்க அம்மைகூட ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாரும். அதுவரைக்கும் எவன் குட்மார்னிங் சொன்னாலும் நான் வாங்கி வைக்கேன்.